ஊர்ச் செய்தியை யார் காசில் எழுதுகிறார்கள்?

‘இரு தரப்பினரிடையே மோதல்.’ நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற எவருக்கும் பழகிப்போன சொற்றொடர் இது. சேரிக்குள் கும்பலாகப் புகுந்து வீடுகளை நொறுக்கினாலும் இரு தரப்பு. ஊர்த்தெரு வழியாக வண்டியில் போன பையனை மறித்து அடித்தாலும் இரு தரப்பு. அடித்தவர் ஒரு தரப்பு, அடிபட்டவர் மறு தரப்பு. சாதி மட்டும் எந்தத் தரப்பிலும் இருப்பதில்லை.

இந்த வரியை முதலில் எழுதுகிறவர் சென்னையில் இருக்கும் ஆசிரியர் இல்லை. தாலுகா நிருபர், பகுதிநேர நிருபர், ஏரியா நிருபர் என்று பல பெயர்களில் நம் ஊரிலேயே வாழ்கிற ஒரு மனிதர் அவர். நமக்குத் தெரிந்தவர், நம் கல்யாணங்களுக்கு வருகிறவர். அவரைச் சாதி வெறியர் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. சிலர் அப்படி இருக்கவும் செய்கிறார்கள். ஆனால் எத்தனை நல்லவரை அந்த இடத்தில் உட்கார வைத்தாலும் பெரும்பாலும் அதே வரிதான் வரும். ஏன் என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

ஓரிக்கை என்னும் ஓர் ஊர்

என் ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்தின் தெற்கே, பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் தனி ஊர், இப்போது காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் அடக்கம். இந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஒரு தலபுராணம் உண்டு. பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்த, திருமழிசை ஆழ்வாரும் அவனோடு கிளம்பினாராம். பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து ஓர் இரவு இங்கே தங்கினாராம். ‘ஓர் இரவு இருக்கை’ மருவி ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். ஆன்மிக இணைப்பிதழ்களில் இந்தக் கதை திரும்பத் திரும்ப வரும். ஓர் இரவு தங்கிய பெருமாளுக்கு அச்சில் இடம் உண்டு. எல்லா இரவும் இங்கேயே தங்கியிருக்கும் மனிதர்களுக்கு அந்த இடம் கிடைப்பது அபூர்வம்.

காஞ்சிபுரத்துச் செய்தி என்றால் வெளியூருக்குத் தெரிவது இரண்டு: கோயில், பட்டு. 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாளும் ஊரில் நிருபர்களுக்குத் தூக்கமில்லை. எந்த நாளில் என்ன நிறப் பட்டு உடுத்தினார் என்பதுகூடச் செய்தியானது. வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் பிரபந்தம் பாடுவது என்று வடகலையாரும் தென்கலையாரும் தள்ளிக்கொண்டால் அது மாநிலம் முழுக்கப் போகும். கவனியுங்கள், அந்தச் செய்தியில் ‘இரு தரப்பினர்’ என்று மழுப்ப மாட்டார்கள். வடகலை, தென்கலை என்று பெயர் சொல்லித்தான் எழுதுவார்கள். அங்கே பெயரைச் சொன்னால் கலவரம் வராது போலிருக்கிறது.

பட்டுச் செய்தியும் ஒரே அச்சில் வார்த்ததுதான். தீபாவளி வந்தால் கோ-ஆப்டெக்ஸில் சிறப்புத் தள்ளுபடி விற்பனையை ஆட்சியர் குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைப்பார். கையில் புடவையை விரித்துப் பிடித்தபடி படம் வரும். இந்த ஆண்டு விற்பனை இலக்கு இவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். அந்தப் புடவையைக் குழித்தறியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து நெய்தவர் படத்தில் இருக்க மாட்டார். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைப் புடவைக்குத் தறியில் ஒருவர் போதாது, கூட ஒரு கை வேண்டும். அந்தக் கூட்டாளுக்கு நெசவாளர் தன் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும், அல்லது வீட்டுப் பெண்ணின், பிள்ளையின் உழைப்பைக் கணக்கில்லாமல் போட வேண்டும். இந்தக் கணக்கு எந்தப் பக்கத்திலும் வராது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் முன்பணத்துக்குக் கொத்தடிமையாக இருந்ததை 2003இல் நீண்ட அறிக்கையாக உலகத்துக்குச் சொன்னது நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஹியூமன் ரைட்ஸ் வாட்ச். ஒவ்வொரு தெருவுக்கும் தெரிந்த உண்மை அச்சில் விரிவாக ஏற, கடல் தாண்டி ஆள் வரவேண்டியிருந்தது.

பெட்ரோல் காசு

எங்கள் பகுதிக்கு வரும் நிருபர் ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன்: “காலனிப் பக்கம் ஏன்ணே வர்றதே இல்ல?”

அவர் கோபப்படவில்லை. “வர்றேன் தம்பி. பெட்ரோலு யாரு போடுவா? சேதிகூட போட்டுடுவாங்க. பொங்கலுக்கு விளம்பரம் கேட்டா உங்க காலனில யாரு குடுப்பா, சொல்லு” என்றார்.

உள்ளூர் இதழியலின் பொருளாதாரம் மொத்தமும் அந்தப் பதிலில் இருக்கிறது. கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

தாலுகா அளவில் செய்தி அனுப்புகிற பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. சிலருக்கு அதுவும் இல்லை, ஓர் அடையாள அட்டை மட்டும். வருமானம் வருவது விளம்பரக் கமிஷனில். பொங்கல் மலர், தீபாவளி மலர், தலைவர் பிறந்தநாள், கும்பாபிஷேகம் என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்று இலக்கு வைக்கப்படும். விளம்பரம் தரக்கூடியவர் யார்? பட்டுக்கடை முதலாளி, கல்லூரி நடத்துபவர், ரியல் எஸ்டேட்காரர், ஒப்பந்ததாரர், கட்சிப் பொறுப்பாளர், கோயில் விழாக் குழு. நிலமும் கடையும் பதவியும் எந்தச் சாதிகளிடம் குவிந்திருக்கின்றனவோ, விளம்பரமும் அங்கிருந்துதான் வரும். நேற்று யாரிடம் விளம்பரம் வாங்கினோமோ அவரைப் பற்றி இன்று செய்தி எழுதுவது எப்படி? இதற்கு யாரும் மேலிருந்து தணிக்கை செய்ய வேண்டியதில்லை. வயிறே தணிக்கை செய்துவிடும்.

‘கவர்’ வாங்குகிறார்கள், ‘பிரஸ்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு மிரட்டுகிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. உண்மைதான், நடக்கிறது. ஆனால் சம்பளம் இல்லாமல் ஒருவரை வேலை வாங்கும் நிறுவனம், அவர் எங்கிருந்து சாப்பிடுகிறார் என்று கேட்காமல் இருக்கிறதே, அந்த மௌனத்துக்கு என்ன பெயர்? நிறுவனத்துக்குச் செய்தி இலவசம். கவர் கொடுப்பவருக்கு ஆள் மலிவு. நட்டம் செய்தி படிக்கும் நமக்கு.

சட்டம் என்ன செய்தது? 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பகுதிநேரமாகப் பணிபுரிபவரையும் பத்திரிகையாளர் என்று ஏற்றது. ஆனால் இதழியல் அவருடைய முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்றது. பொறி இங்கேதான். பத்திரிகை சம்பளம் தராததால் அவர் ஜெராக்ஸ் கடை வைக்கிறார், எல்ஐசி ஏஜென்ட் ஆகிறார், பேப்பர் ஏஜென்சி எடுக்கிறார். முதன்மைத் தொழில் வேறு ஆகிவிட்டதால் அவர் பத்திரிகையாளர் இல்லை என்று ஆகிவிடுகிறது. பத்திரிகையாளர் இல்லை என்பதால் சம்பளமும் இல்லை. அந்த அரைகுறைப் பாதுகாப்புச் சட்டத்தையும் 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைத்துவிட்டார்கள்.

இலவசமாக வேலை செய்ய யாரால் முடியும்?

இதில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது இதைத்தான். சம்பளமில்லாத வேலையை யார் செய்ய முடியும்? வீட்டில் வேறு வருமானம் இருப்பவர். சொந்த வண்டி இருப்பவர். காவல் நிலையத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லப்படுபவர். கோயில் தர்மகர்த்தாவின் வீட்டுக்குள் போய்க் காபி குடிக்க முடிந்தவர். அன்றாடக் கூலிக்கு நெய்யும் வீட்டுப் பையனோ, தூய்மைப் பணியாளரின் மகளோ இந்த வேலைக்கு வர முடியாது. வாசலில் ‘தாழ்த்தப்பட்டோருக்கு அனுமதி இல்லை’ என்று பலகை எதுவும் மாட்டவில்லை. சம்பளம் இல்லை என்பதே அந்தப் பலகையின் வேலையைச் செய்கிறது.

மேலே இருக்கும் நிலையும் இதற்கு வேறானது இல்லை. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019இல் ஆங்கில, இந்தி ஊடகங்களை ஆய்ந்து வெளியிட்ட அறிக்கையில், செய்தி அறைகளின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. மேலே ஆள் இல்லை என்பதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கீழே, தாலுகாவில், செய்தி பிறக்கும் இடத்தில் ஆள் இல்லை என்பதை அந்த அளவு பேசவில்லை. ஆசிரியர் மேசையில் ஒரு தலித் உட்கார்ந்தாலும், கீழிருந்து வராத செய்தியை அவர் எப்படித் திருத்துவார்?

சேரிக்குள் போகாத நிருபருக்குச் சேரிச் செய்தி எங்கிருந்து கிடைக்கும்? காவல் நிலையத்திலிருந்து. முதல் தகவல் அறிக்கையில் ‘முன்விரோதம்’ என்று இருந்தால் செய்தியிலும் முன்விரோதம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு போடப்படவில்லை என்றால் செய்தியில் வன்கொடுமையும் இல்லை. ஆய்வாளர் எழுதியதை நிருபர் எழுதுகிறார். நிருபர் எழுதியதைப் பிறகு அதிகாரிகளே ‘பத்திரிகையிலும் அப்படித்தான் வந்திருக்கிறது’ என்று காட்டுகிறார்கள். ஒன்றுக்கொன்று சாட்சி. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்தார்கள். அதைச் சாதிப் படுகொலை என்று சொல்லவைக்கவே இயக்கங்கள் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், ‘தரப்பு’ என்ற சொல் எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

‘சாதிப் பெயரைப் போட்டால் பதற்றம் வரும், அதனால்தான் தவிர்க்கிறோம்’ என்பது பத்திரிகைகள் சொல்லும் சமாதானம். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரங்களைச் சாதிவாரியாகப் பிரித்துப் போடுகிறீர்களே, அப்போது பதற்றம் வராதா? சாதிச் சங்க மாநாட்டுக்கு முழுப்பக்க வாழ்த்து போடுகிறீர்களே? காசு வரும் பக்கத்தில் சாதி இருக்கலாம், அடி விழுந்த செய்தியில் மட்டும் இருக்கக் கூடாது என்பது பொறுப்புணர்ச்சி ஆகாது.

எழுதியவர்களுக்கு நேர்ந்தது

இவ்வளவையும் மீறி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில், குன்றத்தூரை அடுத்த நல்லூரில், 2020 நவம்பர் 8 இரவு தமிழன் தொலைக்காட்சியின் செய்தியாளர் இஸ்ரவேல் மோசஸ் தன் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தப் பகுதியில் அரசு நிலம் சட்டவிரோதமாக விற்கப்படுவதையும் கஞ்சா விற்பனையையும் வெளிக்கொண்டு வந்ததுதான் காரணம் என்று பத்திரிகையாளர் அமைப்புகள் குரல் கொடுத்தன. 2024 ஜனவரியில் பல்லடத்தில் நியூஸ் 7 தமிழ் செய்தியாளர் நேசபிரபு வெட்டப்பட்டார். தன்னை ஆட்கள் பின்தொடர்கிறார்கள் என்று அவர் காவல் துறைக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார், உதவி வந்து சேரவில்லை.

டெல்லியிலும் சென்னையிலும் எழுதுகிறவருக்கும் ஆபத்து உண்டு. ஆனால் உள்ளூர் நிருபரின் ஆபத்து வேறு வகை. அவர் யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர் அடுத்த தெருவில் இருக்கிறார். நிருபரின் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்பது அவருக்குத் தெரியும். எழுதிவிட்டு ஒதுங்க வேறு ஊர் கிடையாது. ஊதியமும் பாதுகாப்பும் இல்லாத ஒருவரிடம் ‘துணிந்து எழுது’ என்று கேட்பதற்கு முன்னால், அவருக்கு நாம் என்ன தந்தோம் என்று யோசிக்க வேண்டும்.

நம் மரபில் ஒரு பாடம்

இந்தச் சிக்கலுக்கு நம் முன்னோர் ஒரு வழி கண்டார்கள். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அவர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர், எங்கள் பக்கத்துக்காரர். இழிவென்று ஊர் சொன்ன பெயரையே இதழின் தலைப்பாக்கி ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் நடத்தினார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. ஓராண்டில் ‘தமிழன்’ ஆனது. விலையே பெயரில் இருந்தது, ஏழையும் வாங்க வேண்டும் என்பதற்காக. கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களும், பர்மாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போன தமிழர்களும் அதற்கு வாசகர்கள். வாசித்தவர்களே காசும் கடிதமும் அனுப்பினார்கள். அயோத்திதாசர் 1914இல் மறைந்த பிறகு, பின்னாளில் தங்கவயல் தோழர்களே அதை மீண்டும் நடத்தினார்கள்.

1920 ஜனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினார். திலகரின் ‘கேசரி’ அதைப் பற்றி எழுத மறுத்தது மட்டுமில்லை, காசு கொடுத்தும் விளம்பரம் போட மறுத்தது. காசுக்கும் சாதி உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

நம் காலத்தில் 2002இல் உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் ‘கபர் லஹரியா’ பிறந்தது. தலித் பெண்களை முதன்மையாகக் கொண்ட கிராமப்புறப் பெண்கள் அதைத் தங்கள் புந்தேலி மொழியில் எழுதினார்கள். புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். செய்தி சேகரித்தவரே ஊர் ஊராகப் போய் இதழை விற்றார். கைப்பம்பு வேலை செய்யவில்லை, ரேஷன் வரவில்லை, பாலியல் வன்முறைப் புகாரைக் காவலர் வாங்கவில்லை என்பவைதான் அதன் முதல் பக்கச் செய்திகள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022இல் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நாம் கவனிக்க வேண்டியது ஆஸ்கரை விட, அந்தப் பெண்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுக்க ஓர் அமைப்பு பின்னால் நின்றதை.

எங்கள் காஞ்சிக்கும் அச்சு மரபு உண்டு. ‘குடிஅரசு’ தொடங்கிய அதே 1925இல், நவம்பரில், காஞ்சிபுரம் காங்கிரசு மாநாட்டில்தான் வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டு பெரியார் வெளியேறினார். நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1942இல் ‘திராவிட நாடு’ இதழை இங்கிருந்துதான் நடத்தத் தொடங்கினார். கருத்தை அச்சில் ஏற்றுவதில் இந்த ஊர் யாருக்கும் சளைத்தது இல்லை.

ஆனால் தோழர்களே, கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் இயக்க இதழ்களிலும் தளங்களிலும் கருத்துக்குப் பஞ்சமே இல்லை, செய்திக்குத்தான் பஞ்சம். ஒரு கொடுமை நடந்து பெருஊடகத்தில் வந்த பிறகு அதன்மேல் பத்துக் கட்டுரை எழுதுகிறோம். அது வராதபோது நமக்கும் தெரிவதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பிள்ளைகள் நோயுற்றபோது, அந்த ஊர் இளைஞர்களே குடிநீர்த் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். மலம் கலந்திருந்தது அப்படித்தான் வெளியே தெரிந்தது. அந்தச் செய்தியின் முதல் நிருபர்கள் அவர்கள். ஏறிப் பார்க்க ஆள் இருந்த ஊர் செய்தியானது. மற்ற ஊர்கள்?

செய்ய வேண்டியவை

பத்திரிகை நிறுவனங்களிடமும் அரசிடமும் கேட்க வேண்டியவை தெளிவானவை. செய்தி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் எழுத்துப்பூர்வப் பணி ஆணை, மாத ஊதியம், காப்பீடு வேண்டும். செய்தியாளரை விளம்பரம் பிடிக்க வைக்கக் கூடாது. 2021இல் தமிழக அரசு அமைத்த பத்திரிகையாளர் நல வாரியத்தின் பயன் தாலுகா நிருபரின் வீடு வரை வர வேண்டும். அரசு விளம்பரம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் தன் செய்தியாளர்களில் எத்தனை பேர் எந்தச் சமூகத்தவர் என்று வெளியிட வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் விளம்பரம் வாங்குபவரிடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நமக்கு நாமே செய்ய வேண்டியது இதைவிட உடனடியானது. படித்த பிள்ளைகள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறோம். கையில் போன் இருக்கிறது. தேவைப்படுவது ஒழுங்கு. நகர்ப்புறங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. உங்கள் வார்டில் கடைசியாக எப்போது கூடியது, காலனியிலிருந்து யார் பேசினார், அது தீர்மானத்தில் ஏறியதா? வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிகண் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். கூடியதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் பதில் வரும், அந்தப் பதிலே செய்தி. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைக்குள் மனிதரை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். உங்கள் தெருவில் அடைப்பெடுக்க வந்தவர் எப்படி இறங்கினார், ஒப்பந்ததாரர் யார்? ஒரு புடவைக்குக் கூலி போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு? கேளுங்கள், தேதியோடு எழுதுங்கள், இரண்டு பேரிடம் சரிபாருங்கள், எதிர்த்தரப்பிடமும் விளக்கம் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் அனுமதி இல்லாமல் பெயரும் படமும் போடாதீர்கள். ஒரு தவறான தகவல் போதும், அடுத்து வரும் பத்து உண்மைகளையும் பொய் என்று சொல்லிவிடுவார்கள். தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள்.

இதையும் இலவச உழைப்பில் நடத்த முடியாது. நடத்தினால் நாமும் அந்த முதலாளிகள் செய்ததையே செய்வோம். நீலக் கொடி கட்டவும் பேனர் அடிக்கவும் வசூலிக்கிறோம். அதில் ஒரு பங்கை எடுத்து, ஒரு வட்டத்துக்கு ஒரு செய்தியாளருக்கு, முடிந்தால் ஒரு பெண்ணுக்கு, மாதச் சம்பளமாகக் கொடுக்க முடியாதா? ஒரு பைசா ஒரு பைசாவாகச் சேர்த்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். அன்று தங்கவயலின் சுரங்கத் தொழிலாளியால் முடிந்தது, இன்று ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் நம்மால் முடியும். அந்தச் செய்தியாளருக்குப் பெட்ரோல் காசு நாம் கொடுத்தால், அவர் நம் தெருவுக்கும் வருவார்.